ஐஸைத் தேடிப் போன வெயில் பயணம்: டொரான்டோ, பஃபலோ, மான்ட்ரியால்

ஜூன் 17, டொரான்டோ

ஏரிக்கரை ஊர் என்றால் குளுகுளுவென்று இருக்கும் என்று நம்பி வந்தால் 31 டிகிரி, சட்டை முதுகோடு ஒட்டும் புழுக்கம். ஐஸ் ஹாக்கி ஆட்டம் பார்க்க வேண்டியவர்கள் அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் நடுவே வர வேண்டும். இந்தப் பயணம் ஆட்டத்துக்காக அல்ல. ஆட்டம் சமனாகி நீளும் ஓவர்டைமில் நடந்த பெரும் சொதப்பல்களும் நம்ப முடியாத கோல்களும் நிகழ்ந்த இடங்களை ஒருமுறை மிதித்துவிட்டு வருவதற்காக. அதற்கு எந்த மாதமும் ஆகும்.

முதல் இடம் ஒரு பலசரக்குக் கடை. கார்ல்டன் தெருவும் சர்ச் தெருவும் சேரும் மூலையில் நிற்கும் மஞ்சள் செங்கல் கட்டடம்தான் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ். 1931 முதல் 1999 வரை டொரான்டோ அணியின் வீடு. இப்போது தரைத்தளம் முழுக்க லாப்லாஸ் சூப்பர் மார்க்கெட். காலேஜ் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் ஐந்து நிமிடம். உள்ளே 25-ஆம் வரிசையில், அலமாரிகளுக்கு நடுவே தரையில் ஒரு சிவப்புப் புள்ளி. பழைய ஐஸ் ஆடுகளத்தின் நடுமையம் அதுதான். தரையைப் பார்த்தபடி நடக்கிறவரைக் கண்டதும் அலமாரி அடுக்கிக்கொண்டிருந்த பணியாளர் கேட்காமலே கையை நீட்டி வழி காட்டினார். தினம் பத்துப் பேராவது இப்படி வருவார்கள் போல.

அந்தப் புள்ளியைச் சுற்றித்தான் 1933 ஏப்ரல் 3-ஆம் தேதி இரவு டொரான்டோவும் பாஸ்டனும் மோதின. சீசன் முடிந்து கோப்பைக்காக ஆடும் பிளேஆஃபில் ஓவர்டைம் விதி எளிது: 20 நிமிடப் பகுதி, பக்கத்துக்கு ஐந்து பேரும் கோலைக் காக்கும் கோலியும், யார் முதலில் கோல் போட்டாலும் ஆட்டம் முடிந்தது. போடும்வரை பகுதி மேல் பகுதியாக ஓடும். அன்று இரண்டு பக்கமும் ஒரு கோல்கூட இல்லாமல் ஐந்து ஓவர்டைம் போயின. நாணயம் சுண்டி முடித்துவிடலாம் என்று பேச்சுகூட வந்தது. ஆறாவதில் பாஸ்டனின் எடி ஷோர் தன் பகுதியிலிருந்து பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) வெளியே தள்ளப் பார்த்தார். அதை ஆண்டி பிளேர் நடுவிலேயே பறித்து கென் டோரட்டியிடம் தள்ள, 4:46-இல் கோல். 1-0. ஓவர்டைம் மட்டும் 104 நிமிடம் 46 விநாடி. அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பை ஷோருக்குத்தான். யானைக்கும் அடி சறுக்கும் என்பது ஐஸுக்காகவே சொன்னது மாதிரி இருக்கிறது. ஜெயித்த டொரான்டோவுக்கும் நிம்மதி இல்லை. அப்படியே ரயிலேறி நியூயார்க் போய், மறுநாள் இரவே இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்தில் 5-1 என்று உதை வாங்கினார்கள்.

கடையில் தயிரும் வாழைப்பழமும் வாங்கியதற்கு எட்டு டாலர். இங்கே அட்டையில் போட்டிருக்கும் விலை வேறு, கல்லாவில் கேட்கும் விலை வேறு. ஒன்டாரியோவில் பெரும்பாலான பொருள்களுக்கு 13 சதவீத வரி கல்லாவில்தான் சேரும். சமைக்காத உணவுப் பொருள்களில் பலவற்றுக்கு அது கிடையாது.

இரவு ஸ்கார்பரோ. ஈழத் தமிழர் கடைகளில் கொத்து ரொட்டி 13, 14 டாலர். ஒரு பொட்டலம் இருவருக்குத் தாராளம். பக்கத்து மேசையில் நீல ஜெர்சி போட்ட மூன்று இளைஞர்கள், தமிழில் பேசிக்கொண்டே டொரான்டோ அணியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். "அண்ணா, 2021 ஞாபகப்படுத்தாதீங்கோ" என்றார் ஒருவர்.

ஜூன் 18, டொரான்டோ – பஃபலோ

அந்த 2021 கதை காலையில், யூனியன் ஸ்டேஷனை ஒட்டிய அரங்கத்தின் வாசலில் நின்றால்தான் உறைக்கும். மே 27, மான்ட்ரியாலுடன் பிளேஆஃப் முதல் சுற்று, ஐந்தாம் ஆட்டம். கொரோனா காலம், இருக்கைகள் காலி. தொடரில் 3-1 என்று முன்னிலையில் இருந்த டொரான்டோ, அன்று 0-3 என்று பின்தங்கி 3-3 ஆக்கியிருந்தது. ஓவர்டைம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டொரான்டோவின் அலெக்ஸ் கால்சென்யக், எதிரணிப் பகுதி தொடங்கும் நீலக்கோட்டுப் பக்கம் பார்க்காமல் குறுக்கே ஒரு பாஸ் தள்ளினார். வாங்க ஆளில்லை. மான்ட்ரியாலின் நிக் சுஸுகியும் காஃபீல்டும் பறித்துக்கொண்டு ஓட, முன்னால் கோலி மட்டும். இருவரும் மாற்றி மாற்றிப் பாஸ் கொடுத்து, 59-ஆவது விநாடியில் சுஸுகி முடித்தார். டொரான்டோ அடுத்த இரண்டு ஆட்டங்களையும் தோற்றது. கால்சென்யக்கை 2012-இல் இளம் வீரர் தேர்வின் முதல் சுற்றிலேயே எடுத்து வளர்த்ததே அந்த மான்ட்ரியால்தான் என்பது கூடுதல் உப்பு.

இந்த மாதிரிப் பிழை ஓவர்டைமில் அதிகமாக உறுத்தக் காரணம் உண்டு. முதல் ஓவர்டைமில் அணிகள் இரண்டாம் பகுதியில் நின்ற பக்கத்தில் நிற்கும். அப்போது மாற்று ஆட்கள் உட்காரும் தன் பெஞ்ச் தன் கோலிலிருந்து தூரத்தில் இருக்கும். சாதாரணமாக ஒருவர் 40, 45 விநாடி ஓடிவிட்டு வெளியேறி வேறு ஆள் வருவார். பெஞ்ச் தூரமானால் தடுப்பாட்டக்காரர் வெளியேற முடியாமல் ஒன்றரை நிமிடம் மாட்டிக்கொள்வார். கால் கனக்கும், தலை தூக்கிப் பார்க்கத் தோன்றாது, கை பழக்கத்தில் பாஸைத் தள்ளும். குறுக்குப் பாஸ் ஆகாது, பலகையோரமாகத் தள்ளு என்று பத்து வயதிலேயே சொல்லித் தருகிறார்கள். கால்சென்யக் விஷயத்தில் சோர்வைக்கூடக் காரணம் சொல்ல முடியாது. அது நேரடியான அவசரம்.

யங் தெருவும் ஃபிரன்ட் தெருவும் சேருமிடத்தில் ஹாக்கி அருங்காட்சியகம், 1885-இல் கட்டிய பழைய வங்கிக் கட்டடத்துக்குள். நுழைவு வரி சேர்த்து முப்பது டாலருக்குள். லீக் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பையின் பழைய அசல் கிண்ணம் வங்கியின் பெட்டக அறையிலேயே இருக்கிறது. பக்கைக் கையில் எடுத்துப் பார்க்கச் சந்தர்ப்பம் கிடைத்தால் விடாதீர்கள். 3 அங்குல விட்டம், 1 அங்குல கனம், 5.5 முதல் 6 அவுன்ஸ் எடை, கெட்டி ரப்பர். அறை வெப்பத்தில் தரையில் போட்டால் பந்து மாதிரி எம்பும். அதனால்தான் ஆட்டத்துக்கு முன் உறைபெட்டியில் வைத்து எடுக்கிறார்கள். ஐஸில் கீறல் கூடக்கூட உறைந்த பக்கும் விளிம்பில் நின்று துள்ளும். 2007 ஜனவரி 4-ஆம் தேதி எட்மன்டனில் டாலஸின் பாட்ரிக் ஸ்டெஃபனுக்கு நடந்தது அதுதான். காலி வலை, எதிரே ஒரு ஆள் இல்லை. தள்ளும் கணத்தில் பக் ஸ்டிக்கைத் தாண்டித் துள்ளியது, அவரும் விழுந்தார். எட்மன்டன் பக்கை எடுத்துக்கொண்டு மறுமுனை ஓடி, 2 விநாடி மிச்சமிருக்க ஹெம்ஸ்கி சமன் செய்தார். பிறகு ஷூட்அவுட்டில் டாலஸ் ஜெயித்ததை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை.

மாலை, எல்லை தாண்டி அமெரிக்காவின் பஃபலோவுக்குப் பேருந்து. ஒன்றரை மணி நேரம் தாமதம். அறிவிப்பும் இல்லை, நிழலும் இல்லை. எல்லைப் பாலத்தில் எல்லோரும் பெட்டியோடு இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். பையில் ஆப்பிள், மாம்பழம் எதுவும் வைக்காதீர்கள். ஒரு பாட்டியின் பைநிறைய பழங்கள் குப்பைத்தொட்டிக்குப் போயின.

ஜூன் 19, பஃபலோ

தேதி வேண்டுமென்றே பார்த்து வைத்தது. 1999 ஜூன் 19 இந்த ஊருக்கு ஆறாத தேதி. இன்று அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்ததை நினைவுகூரும் ஜூன்டீன்த் விடுமுறை என்பதால் வங்கி, அலுவலகம் எல்லாம் அடைப்பு. நகர மையத்துக்குள் தரைமேல் ஓடும் ரயிலுக்குக் காசு வேண்டாம். தண்டவாளம் சுரங்கத்துக்குள் இறங்கினால்தான் டிக்கெட்.

மெயின் தெருவின் தெற்கு முனையில், கால்வாயோரம் குழந்தைகள் விளையாடும் இடம் இருக்கிறதே, அங்கேதான் பழைய மெமோரியல் ஆடிட்டோரியம் நின்றது. ஊர்க்காரர்கள் செல்லமாக 'ஆட்' என்பார்கள். 2009-இல் இடித்துவிட்டார்கள். 1975 மே 20 இரவு, ஸ்டான்லி கோப்பை இறுதியின் மூன்றாம் ஆட்டம் இங்கே. வெளியே கோடை வெக்கை, அரங்கத்தில் ஏசி கிடையாது. சூடான ஈரக்காற்று ஐஸின் மேல் படிந்ததும் மூடுபனி எழுந்தது. குளிர்ந்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதே சங்கதிதான். ஆட்டத்தை அடிக்கடி நிறுத்தி, வீரர்களை வட்டமாகச் சுற்றிச் சறுக்க விட்டுப் பனியைக் கலைத்தார்கள். போதாததற்கு ஒரு வௌவால் வேறு ஐஸின் மேல் தாழப் பறந்தது. பஃபலோவின் ஜிம் லோரன்ட்ஸ் ஸ்டிக்கால் அடித்து வீழ்த்தினார். பிலடெல்ஃபியாவின் ரிக் மக்லீஷ் அதை வெறும் கையால் எடுத்துக் கொண்டுபோய்ப் போட்டார். ஓவர்டைமில் 18:29-இல் ரெனே ராபர்ட் ஓரக்கோணத்திலிருந்து அடித்த பக்கை கோலி பெர்னி பேரன்ட் சரியாகப் பார்க்கவே இல்லை. 5-4, பஃபலோவுக்கு. தொடர் என்னவோ ஆறு ஆட்டத்தில் பிலடெல்ஃபியாவுக்கே போனது.

இன்றும் அதே புழுக்கம். கால்வாயோரம் உட்கார்ந்தால் கண்ணாடி மங்குகிறது. ஏசி இல்லாத கொட்டகையில் 15,000 பேர் மூச்சுவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போடத் தேவையில்லை.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இப்போதைய அரங்கம். வாசலில் மூன்று வீரர்களின் வெண்கலச் சிலை, அவர்களில் ஒருவர் அந்த ராபர்ட். அரங்கத்தின் பெயர் அடிக்கடி மாறும். 1999-இல் மரீன் மிட்லண்ட். இறுதித் தொடரின் ஆறாம் ஆட்டம், தொடரில் டாலஸ் 3-2 முன்னிலை. ஆட்டம் 1-1. மூன்றாவது ஓவர்டைமில் 14:51-இல், நள்ளிரவு தாண்டி, பிரெட் ஹல் பக்கை உள்ளே தள்ளினார். அவர் இடது கால் கோலியின் நீல வட்டத்துக்குள் இருந்தது. அந்த சீசன் விதிப்படி பக்குக்கு முன்னால் ஆள் வட்டத்துக்குள் போனால் கோல் செல்லாது. எத்தனையோ கோல்களைக் கட்டைவிரல் நுழைந்ததற்காக ரத்து செய்திருந்தார்கள். ஆனால் பக் தன் வசம் இருக்கும் ஆட்டக்காரர் உள்ளே போகலாம் என்றும் ஒரு விளக்கம் இருந்தது. ஹல் காலால் தட்டி ஸ்டிக்குக்குக் கொண்டுவந்தது தொடர்ச்சியான கட்டுப்பாடு என்று ஆட்டங்களை நடத்தும் என்.எச்.எல் லீக் சொன்னது. அதற்குள் ஐஸ் முழுக்கப் படம்பிடிப்பவர்களும் கொண்டாட்டமும். ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. அடுத்த சீசனில் அந்த வட்ட விதியே கைவிடப்பட்டது.

விளக்கத்தின்படி கோல் செல்லும் என்பதே சரி. அதை அரங்கத்தில் அறிவிக்காமல் கோப்பையைத் தூக்கிக் கொடுத்ததுதான் பிழை. இந்தக் கருத்தை பஃபலோ மதுக்கடையில் சத்தமாகச் சொல்ல வேண்டாம். மேசை துடைக்க வந்த அக்கா இதைக் கேட்டுவிட்டு, துணியைக் கீழே வைத்து, தன் இடது காலைத் தரைத்தட்டின் கோட்டுக்கு உள்ளே வைத்து, வெளியே எடுத்து, மறுபடி உள்ளே வைத்துக் காட்டினார். "நோ கோல்." பிறகுதான் என்ன வேண்டும் என்று கேட்டார்.

கோழி இறக்கை 10 துண்டு 17 டாலர். இங்கே அதற்கு 'விங்ஸ்' என்றுதான் பேர், ஊர்ப் பெயரைச் சேர்த்தால் வெளியூர் ஆள் என்று தெரிந்துவிடும். தொட்டுக்கொள்ள ப்ளூ சீஸ், கூடவே செலரித் தண்டு. ரான்ச் கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

ஜூன் 20, பஃபலோ

அதே அரங்கம், வேறு இரவு: 2013 டிசம்பர் 23. ஓவர்டைம் விநோதங்களில் முதல் இடம் இதற்குத்தான். சாதாரண சீசன் ஓவர்டைம் என்பது 5 நிமிடம். அப்போது பக்கத்துக்கு நான்கு பேர், 2015-16 முதல் மூன்று பேர். பஃபலோவும் ஃபீனிக்ஸும் 1-1. பஃபலோவின் மார்க் பைசிக் அடித்த பக் தட்டுப்பட்டு உயரே எழும்பியது. கோலி மைக் ஸ்மித் அண்ணாந்து தேடினார், நடுவர் தேடினார், அரங்கமே தேடியது. பக் ஸ்மித்தின் கால்சட்டைக்குள், பின்பக்கம் விழுந்திருந்தது. இது தெரியாமல் கோலைப் பாதுகாக்க அவர் பின்னால் நகர்ந்து கோட்டைத் தாண்டினார். காணொளி பார்த்துக் கோல் கொடுத்தார்கள். 2-1.

எப்படி நுழையும் என்றால், கோலியின் கால்சட்டை உடம்போடு ஒட்டியதல்ல. தடித்த பேடிங், தோள்வாரில் தொங்கும், இடுப்பில் கை நுழையும் இடைவெளி. குனிந்து நிற்கும்போது பின்பக்கம் வாய் பிளந்த பை மாதிரி. மேலிருந்து விழும் பக்குக்கு அது போதும்.

மதியம் தெற்கு பஃபலோ. வீடுகளின் முன் ஐரிஷ் கொடிகள். பாட்ரிக் கேன் பிறந்து வளர்ந்த பக்கம். 2010 ஜூன் 9, பிலடெல்ஃபியாவில் ஆறாம் ஆட்டம், ஓவர்டைம் 4:06. சிகாகோவுக்கு ஆடிய கேன் இடது ஓரத்தில், கிட்டத்தட்ட கோணமே இல்லாத இடத்திலிருந்து அடித்தார். பக் கோலி மைக்கேல் லைட்டனுக்கு அடியில் நுழைந்து மறைந்தது. கோல் விழுந்தால் எரியும் சிவப்பு விளக்கு எரியவில்லை. அரங்கத்தில் ஒரு ஆள் மட்டும் கையுறையை எறிந்துவிட்டு மறுமுனைக்குப் பறக்கிறார். சக வீரர்களே அரைமனதாகத்தான் பின்னால் ஓடினார்கள். வலையின் அடிச்சட்டத்தில், பக் மோதி வெளியே தெறிக்காமலிருக்க வெள்ளைத் திண்டு சுற்றியிருப்பார்கள். பக் அதன் அடியில் சொருகிக்கொண்டது. 1961-க்குப் பிறகு சிகாகோவுக்கு முதல் கோப்பை, அதை அறிவித்தது விளக்கும் அல்ல நடுவரும் அல்ல. அந்த பக் யார் எடுத்துப் போனார்கள் என்பது இன்னும் தீராத வழக்கு.

இரவுச் சாப்பாடு 'பீஃப் ஆன் வெக்': உப்பும் ஓமம் போன்ற கேரவே விதையும் தூவிய பன்னுக்குள் மெல்லிய மாட்டிறைச்சி, மூக்கில் ஏறும் ஹார்ஸ்ராடிஷ். 15 டாலர். பன்னின் மேலே கல்லுப்பு, தண்ணீர் இரண்டு குவளை பிடிக்கும்.

ஜூன் 22, ரயிலில்

நேற்று டொரான்டோ திரும்பி, இன்று மான்ட்ரியால் ரயில். சரக்கு ரயிலுக்கு வழிவிட்டு இரண்டு இடத்தில் நின்றது. வண்டியில் தேநீரும் சாண்ட்விச்சும் 14 டாலர், சாண்ட்விச்சைவிட அட்டைப்பெட்டிக்குச் சுவை அதிகம்.

எதிர் இருக்கையில் எட்மன்டன் தொப்பி போட்ட பெரியவர். பேச்சு எங்கே போகும் என்று சொல்லவே வேண்டாம். 1986 ஏப்ரல் 30, எட்மன்டன் – கால்கரி, ஏழாம் ஆட்டம், மூன்றாம் பகுதியின் 5:14. ஸ்டீவ் ஸ்மித்துக்கு அன்று 23-ஆவது பிறந்தநாள். தன் கோலுக்குப் பின்னாலிருந்து அடித்த பாஸ், தன் கோலி கிரான்ட் ஃபூரின் இடது காலில் பட்டு உள்ளே போனது. நம் ஊர்ப் பாஷையில் சேம் சைடு கோல். ஆனால் ஹாக்கி ஏட்டில் சேம் சைடு என்று எழுத இடமே இல்லை. கடைசியாக பக்கைத் தொட்ட எதிரணி ஆளின் பெயரில் போகும். அப்படிக் கோல் கிடைத்த பெரி பெரசன் அந்த நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஓவர்டைம் அல்லதான், இருந்தாலும் பட்டியல் இதில்லாமல் நிறையாது. மறுவருடம் கோப்பை வென்றதும் கேப்டன் வெய்ன் கிரெட்ஸ்கி முதலில் ஸ்மித்தின் கையில்தான் கொடுத்தார். பெரியவர் அதைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஜூன் 23, மான்ட்ரியால்

அட்வாட்டர் மெட்ரோவில் ஏறி வந்தால் மான்ட்ரியால் அணியின் பழைய அரங்கமான ஃபோரம். 1996-இல் ஹாக்கி நின்றுபோய் இப்போது திரையரங்கும் கடைகளும். உள்ளே நடுமையத்தைத் தரையில் குறித்து, பக்கத்தில் பழைய இருக்கைகள் சிலவற்றை விட்டிருக்கிறார்கள். டொரான்டோவில் மளிகை, இங்கே பாப்கார்ன்.

எதிரணி சொதப்பி இந்த ஊர் வாழ்ந்த கதை இரண்டு. 1979 மே 10, அரையிறுதி ஏழாம் ஆட்டம், பாஸ்டன் 4-3 முன்னிலை, 2:34 மிச்சம். பாஸ்டன் ஐஸில் ஒரு ஆள் கூடுதல். மாற்று ஆள் இறங்குவதற்குள் பழைய ஆள் பெஞ்சுக்கு வந்திருக்க வேண்டும். யார் யாருக்குப் பதில் என்பதில் குழப்பம் வந்தால் இப்படித்தான். இரண்டு நிமிட அபராதம். 1:14 இருக்க கீ லஃப்ளர் சமன் செய்தார். ஓவர்டைம் 9:33-இல் இவான் லாம்பேர் முடித்தார்.

இரண்டாவது 1993 ஜூன் 3. லாஸ் ஏஞ்சலஸ் 2-1 முன்னிலை, 1:45 மிச்சம். மான்ட்ரியால் பயிற்சியாளர் ஜாக் டெமர்ஸ், மார்ட்டி மக்சோர்லியின் ஸ்டிக்கை அளக்கச் சொன்னார். ஸ்டிக் அலகின் குதியிலிருந்து நுனிவரை நேர்கோடு வைத்து, வளைவின் ஆழத்தை அளவியால் பார்ப்பார்கள். அன்றைய வரம்பு அரை அங்குலம் (இன்று முக்கால்). வளைவு கூடினால் பக் நன்றாக எழும்பும், பலரும் கூட வைத்திருந்தார்கள், ஆட்டம் முடியும் தறுவாயில் ஒழுங்கான ஸ்டிக்கை மாற்றிக்கொள்வார்கள். மக்சோர்லி மாற்றவில்லை. அளவு சரியாக இருந்திருந்தால் அபராதம் டெமர்ஸின் அணிக்கு. அளவு தவறு. டெமர்ஸ் கோலியையும் வெளியே எடுத்து நான்குக்கு ஆறாக ஆக்கினார். 1:13 இருக்க எரிக் டேஜார்டான் கோல், ஓவர்டைமின் 51-ஆவது விநாடியில் அவரே மறுபடி.

இதே கூரையின் கீழ் 1936 மார்ச் 24 தொடங்கி மறுநாள் விடியற்காலை 2:25 வரை ஓடிய ஆட்டம்தான் இன்றுவரை மிக நீளமானது. ஆறாவது ஓவர்டைமின் 16:30-இல் டெட்ராய்ட்டின் மட் ப்ரூனட்டோ, 1-0. அதில் சொதப்பல் எதுவும் இல்லை.

ஜூன் 24, மான்ட்ரியால்

ஒரு எச்சரிக்கை: இன்று கியூபெக்கின் தேசிய விழா. பெரிய கடைகள் அடைப்பு. பார்த்து வைத்த ஸ்மோக்டு மீட் கடையும் கதவடைத்திருந்தது. எங்கும் நீலக்கொடி, மாலையில் இடிமழை.

மைல்-எண்ட் பக்கம் விறகடுப்பு பேகல் கடை மட்டும் திறந்திருந்தது. மாவை வளையமாக்கித் தேன் கலந்த நீரில் கொதிக்கவிட்டு, எள்ளில் புரட்டி, நீளப் பலகையில் வைத்து அடுப்புக்குள் தள்ளுகிறார்கள். ஒன்று ஒன்றரை டாலர். சூட்டோடு தின்றால் வெண்ணெய்கூட வேண்டாம்.

அடுப்படியில் நின்றவர் வயதானவர், ஹாக்கி என்றதும் கண் விரிந்தது. பாஸ்டனின் ஆறாவது ஆளைப் பற்றிச் சொன்னார், மக்சோர்லி ஸ்டிக்கைக் கையால் வளைத்துக் காட்டினார். சரி, 1954 ஏப்ரல் 16 டெட்ராய்ட்? ஏழாம் ஆட்டம், ஓவர்டைம் 4:29, டோனி லெஸ்விக் சும்மா உள்ளே தூக்கிவிட்ட பக். அதைக் கையுறையால் தட்டிப் போடப் போன மான்ட்ரியாலின் டக் ஹார்வி, தன் கோலி ஜெரி மக்நீலின் தோளுக்கு மேலே தானே திருப்பிவிட்டார். கோப்பை போனது. மான்ட்ரியால் வீரர்கள் கைகுலுக்காமலே ஐஸை விட்டு வெளியேறினார்கள்.

"ஹார்வி சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பையை ஏழு முறை வாங்கியவர்" என்றார். அந்தக் கோலைப் பற்றிக் கேட்டதற்கு, எள்ளு போட்டதா கசகசா போட்டதா எது வேண்டும் என்று கேட்டார்.